பத்து வினாக்களும் ஒரு மங்கு கள்ளும்

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மரம் வெட்டி முடித்து, பால் வாளிகளோடு கொட்டகையில் வரிசையாக நிற்கும்போது, கிராணி அந்தக் கருவியைப் பாலில் மிதக்கவிடுவார். அதன் தண்டில் எந்தக் கோடு பால்மட்டத்தோடு நிற்கிறதோ அதைக் கொண்டு, இந்தப் பாலில் இத்தனை காய்ந்த ரப்பர் தேறும் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்வார். புத்தகத்தில் விழுந்த எண்தான் அன்றைய உழைப்பின் விலை. "கருவி பொய் சொல்கிறது" என்று தொழிலாளி வாதாடுவதும், "கருவியா பொய் சொல்லும்?" என்று கிராணி சீறுவதும் நம் பெற்றோர் காலத்தில் அன்றாடம் கேட்ட பேச்சு.

இந்த வழக்கைத் தீர்க்க நியாயமான வழி ஒன்றுதான் உண்டு. அதே பாலில் ஓர் அளவு எடுத்து, அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருட்டி, நன்றாகக் காயவைத்து, தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். கருவி சொன்னதும் தராசு சொன்னதும் ஒத்து வந்தால் கருவியை நம்பலாம். ஒரு வாளியில் ஒத்து வந்தால் போதாது. மழைநாள் பாலிலும், இளமரத்துப் பாலிலும், கிழமரத்துப் பாலிலும் ஒத்து வர வேண்டும்.

இன்று நாம் பேசப்போவது இந்தச் சோதனையைப் பற்றியதே. ஆனால் இங்கே அளக்கப்படுவது ரப்பர் அல்ல, குடி. அளக்கும் கருவி, பத்து வினாக்கள் அச்சிட்ட ஒரு தாள். வாளிக்குப் பதில் நிற்பவர்கள் நம் மக்கள்.

தோட்டத் தமிழரின் குடியை அளந்தவர்கள் முன்பும் பலர் இருந்தார்கள். வெள்ளைத்துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. அரசாங்கம் உரிமம் கொடுத்தது, வருமானத்தையும் கண்டது. எத்தனை காலன் கள் விற்றது என்ற கணக்கு இருந்ததே தவிர, யார் குடித்தார், எவ்வளவு குடித்தார், குடிக்காமல் இருக்க அவரால் முடிந்ததா என்று கேட்டவர் இல்லை. பீப்பாய்க் கணக்கைப் பார்த்துவிட்டு, "தமிழன் குடிகாரன்" என்று மொத்தமாக ஒரு தீர்ப்பு எழுதிவிடுவது சுலபமாக இருந்தது. கடையைத் திறந்து வைத்தவரும் தீர்ப்பு எழுதியவரும் ஒரே தரப்பினர் என்பது நினைவில் இருக்கட்டும்.

அந்தத் தீர்ப்பை நம் முன்னோர் வாய்மூடி ஏற்றுக்கொண்டதாக நினைப்பது தவறு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதன் முதுகெலும்பாக இருந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, துரைக்கு முன்னால் மிதிவண்டியை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகிய கோரிக்கைகளுக்கு நடுவே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். குடிகாரர் என்று எழுதப்பட்ட மக்கள், கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் அன்று போராடியிருக்கிறார்கள். போர் முடிந்தபின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை எழுந்ததும் கள்ளை எதிர்த்துத்தான்.

ஆகவே, குடியால் யாருக்குத் தீங்கு நேர்கிறது என்று ஒவ்வொரு மனிதரிடமும் தனித்தனியே கேட்டறிவதற்கு ஒரு முறை வேண்டியிருந்தது. அந்த முறை மருத்துவ உலகிலிருந்து, நெடுநாள் கழித்தே வந்தது.

1971இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மெல்வின் செல்சர் என்னும் மனநல மருத்துவர் இருபத்தைந்து வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். அங்கேயே வட கரோலினாவில் ஜான் யூவிங் என்பவர் 1968இல் உருவாக்கிய நான்கு வினாக்கள், 1984இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்து உலகெங்கும் பரவின. இவையெல்லாம் பெரும்பாலும் குடிக்கு ஏற்கனவே அடிமையானவரைக் கண்டுபிடிப்பவை. இன்னும் அடிமையாகாமல், ஆனால் அந்த வழியில் நடந்துகொண்டிருப்பவரை முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கருதியது. 1982இல் அதற்கான வேலை தொடங்கியது. ஆஸ்திரேலியா, நார்வே, கென்யா, பல்கேரியா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சாதாரண மருத்துவ நிலையங்களுக்கு வந்த 1,888 பேரை நீண்ட நேரம் விசாரித்து, நூற்றைம்பது வினாக்களிலிருந்து வடிகட்டிப் பத்து வினாக்களை எடுத்தார்கள். ஜான் சாண்டர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை 'ஆடிட்' என்பார்கள்.

முதல் மூன்று வினாக்கள் எவ்வளவு, எத்தனை முறை என்று கேட்கும். அடுத்த மூன்றும், தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, கடமை தவறியதுண்டா, காலையில் எழுந்ததும் குடி தேவைப்படுகிறதா என்று கேட்கும். மீதி நான்கும் மனவருத்தம், மறதி, காயம், மற்றவரின் கவலை ஆகியவை பற்றியவை. மொத்த மதிப்பெண் நாற்பது. எட்டும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த கோடு. ஆறு நாடுகளிலும் கோடு நன்றாகவே வேலை செய்தது: தீங்கான குடிப்பழக்கம் உள்ளவரில் நூற்றுக்கு 92 பேர் எட்டைத் தொட்டார்கள், அப்பழக்கம் இல்லாதவரில் நூற்றுக்கு 94 பேர் எட்டுக்குக் கீழே நின்றார்கள்.

நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நாடுகளின் பெயரை இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள். ஆசியாவில் ஒரு நாடுகூட இல்லை.

அப்படியானால் இதைத் தமிழில் எழுதிக்கொண்டால் போயிற்று என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. யூவிங்கின் நான்கு வினாக்களில் ஒன்று, காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரக் குடிக்கும் முதல் குடியைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதற்குப் புழங்கும் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கண் திறப்பது' என்று வரும். நம்மிடம் ஒருவரைப் பார்த்து, "உங்களுக்குக் கண் திறந்ததுண்டா?" என்று கேட்டால் என்ன விளங்கும்? புத்தி வந்ததா என்று விளங்கும். அல்லது கோயில் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நினைவுக்கு வரும். நாளெல்லாம் குடிப்பவரும் "ஆமாம்" என்பார்; துளிகூடத் தொடாதவரும் "ஆமாம்" என்பார். 'குற்ற உணர்ச்சி' என்ற சொல்லும் அப்படித்தான். படித்தவருக்கு அது மனத்தின் உறுத்தல். லயத்து வீட்டில் குற்றம் என்றால் போலீஸ், வழக்கு. "எந்தக் குற்றமும் நான் பண்ணலே" என்று பதில் வரும். "குடித்ததை நினைத்து மறுநாள் மனசு சங்கடப்பட்டதுண்டா?" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார்.

இதற்காகவே அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரிந்துவிடும். ரிச்சர்ட் பிரிஸ்லின் என்பவர் 1970இல் இந்த முறையை விளக்கி எழுதினார். பயனுள்ள முறை, ஆனாலும் முழுக் காப்பு அல்ல. 'குற்ற உணர்ச்சி' ஆங்கிலத்துக்குப் பழுதில்லாமல் திரும்பிப் போய்விடும். லயத்து வீட்டில்தான் அது பழுதாகிறது.

சொல்லைவிடப் பெரிய தொல்லை, அளவு. ஆடிட் வினாக்களில் "ஒரு குடி" என்பது பத்து கிராம் தூய சாராயச் சத்து. நம் ஆட்கள் கிராமிலா குடிக்கிறார்கள்? முன்பு மங்கில் குடித்தார்கள். பிறகு சம்சு வந்தது, போத்தலில் குடித்தார்கள். ஒருவர் "நாளைக்கு ஒரு சின்னப் போத்தல்தான் ஐயா" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் தாளில் 'ஒன்று' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. இப்போது கணக்குப் போடுங்கள். போத்தல் 150 மில்லிலிட்டர், அதில் நூற்றுக்கு 37 பங்கு சாராயச் சத்து என்றால், சத்து மட்டும் 55 மில்லிலிட்டருக்கு மேல். எடை ஏறக்குறைய 44 கிராம். அதாவது தாளின் கணக்குப்படி நான்குக்கும் மேற்பட்ட குடி. ஒன்றரைப் போத்தல் என்றால் ஆறைத் தாண்டிவிடும். ஒரே நேரத்தில் ஆறு குடிப்பதுண்டா என்று மூன்றாம் வினா கேட்கிறதே, அதற்கும் அவர் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார், பொய் சொல்லாமலே. ஆகவே மொழிபெயர்ப்பில் போத்தலையும் மங்கையும் படமாகக் காட்டி, நம் அளவை அவர்கள் அளவாக மாற்ற ஒரு வாய்பாடு சேர்க்க வேண்டும்.

கடமை தவறியதுண்டா என்ற வினாவைப் பாருங்கள். தோட்டத்தில் கடமை என்றால் பெரட்டு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நின்றுவிட்டால், தண்டலின் கணக்கில் அவர் கடமை தவறாதவர். அவருடைய சம்பளத்தில் பாதி கடைக்குப் போனது பெரட்டுப் புத்தகத்தில் எழுதப்படாது. மனைவியைக் கேட்டால் வேறு கணக்கு வரும். காலைக் குடி பற்றிய வினாவும் இந்தக் காலத்துக்குத் தனிச் சிக்கல் தருகிறது. தோட்டம் போய்த் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக நிற்பவருக்குக் காலை ஏழு மணிதான் சாயங்காலம். அவர் வேலை முடிந்து காலையில் குடிப்பதும், கை நடுக்கம் தீரக் குடிப்பதும் ஒன்றல்ல.

இத்தனையும் திருத்தி ஒரு நல்ல தமிழ்த் தாள் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை. மெட்ரோலாக்கைத் தராசோடு ஒப்பிட்டதுபோல் ஒப்பிட வேண்டும். இங்கே தராசு, தமிழ் தெரிந்த தேர்ந்த மருத்துவர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் தனியே அமர்ந்து நடத்தும் முழு விசாரணை. தாளின் முடிவு மருத்துவருக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது.

கணக்கு விளங்குவதற்காகக் கற்பனையாக இருநூறு பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் நாற்பது பேருக்குக் குடிப்பிணி உண்டு என்று மருத்துவர் காண்கிறார். எட்டு மதிப்பெண் கோட்டை வைத்துப் பார்த்தால் தாள் அந்த நாற்பதில் முப்பது பேரைப் பிடிக்கிறது. பத்துப் பேரை விட்டுவிடுகிறது. பிணி இல்லாத 160 பேரில் 144 பேரைச் சரியாக விலக்குகிறது. 16 பேரை வீணாகப் பிடிக்கிறது. பிடிக்க வேண்டியவரைப் பிடிக்கும் திறன் நூற்றுக்கு 75, விட வேண்டியவரை விடும் திறன் நூற்றுக்கு 90. இந்த இரண்டு திறன்களுக்கும் பெயர் சூட்டிக் கணக்கு முறை வகுத்தவர் ஜேக்கப் யெருஷால்மி. காசநோய்க்கு எடுக்கும் எக்ஸ்ரே படங்களை மருத்துவர்கள் எவ்வளவு சரியாகப் படிக்கிறார்கள் என்று சோதித்து அவர் 1947இல் எழுதினார். தொண்டர் படையினர் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராக நின்ற அதே ஆண்டு!

கோட்டை எட்டிலிருந்து ஐந்துக்கு இறக்கினால் விடுபட்ட பத்துப் பேரில் பலர் அகப்படுவார்கள். கூடவே குற்றமற்ற பலரும் அகப்படுவார்கள். ஏற்றினால் நேர்மாறு. எந்த இடத்தில் கோடு போடுவது என்பதை நார்வேக்காரரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அந்தந்த மக்களிடையே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே தாளைக் கொடுத்தால் ஏறக்குறைய அதே விடை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சம்பள நாளுக்கு மறுநாள் ஒரு விடையும், மாதக் கடைசியில் வேறு விடையும் வந்தால் அந்தத் தாள் உதவாது. இப்படிச் சோதிப்பதையே தகுதிகாண் ஆய்வு என்கிறோம். வட இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வு ஒன்று 2004இலும், இலங்கையில் நடந்த ஒன்று 2008இலும் வெளிவந்தன.

நம் நாட்டில் தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வு 1986 முதல் நடந்து வருகிறது. 2011ஆம் ஆண்டு ஆய்வில் ஆடிட் வினாக்களின் மலாய் வடிவம் பயன்பட்டது. அப்போது பெரியவர்களில் நூற்றுக்கு 11.6 பேர் மது அருந்துவோர் என்றும், அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஆபத்தான முறையில் குடிக்கிறார் என்றும் தெரிய வந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்விலும் மது அருந்துவோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள்.

இந்த ஆய்வுகளை நடத்தும் பொதுச் சுகாதாரக் கழகம் இப்போது ஷா ஆலமில், செத்தியா ஆலம் பகுதியில் இருக்கிறது. ஷா ஆலம் என்ற பெயர் வருமுன் அந்த வட்டாரத்தைச் சுங்கை ரெங்கம், பத்து தீகா என்றுதான் அழைத்தோம்; ரப்பரும் செம்பனையுமாக இருந்த மண். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபின், 1978இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. தோட்டம் போய்விட்டது. மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி மட்டும் நகரத்தின் ஏழாவது பிரிவில் இன்றும் இருக்கிறது. நம் வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. கள்ளுக்கடை பின்தொடரவில்லை, மலிவு மது பின்தொடர்ந்தது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துச் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியை அடுத்த குடியிருப்புக்கு வினாத்தாள்களோடு சிலர் வந்திருந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்பது இங்கே தேவையில்லை, நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். தாள் மலாயில் இருந்தது. ஒரு வீட்டில் தகப்பனாருக்கு மலாய் வாசிக்க வராது. வந்தவர் ஐந்தாம் ஆண்டில் நம்மிடம் படிக்கும் அவருடைய மகனையே கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். பையன் கெட்டிக்காரன், மலாயில் நல்ல மதிப்பெண் எடுப்பவன். குடிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாமற் போனதுண்டா என்ற வினாவை அவன் இப்படிக் கேட்டான்: "அப்பா, நீங்க குடிச்சா நிறுத்தவே மாட்டீங்களான்னு கேக்குறாங்க."

தகப்பனார் பையனைப் பார்த்தார். "இல்லைன்னு சொல்லுப்பா" என்றார். பையனும் சொன்னான். உன் தகப்பனுக்குக் குடியால் அடிபட்டதுண்டா, வீட்டார் கவலைப்பட்டதுண்டா என்ற வினாக்களுக்கும் பையனே விடை சொல்லிவிட்டான், தகப்பனைக் கேட்காமலே. எல்லாவற்றுக்கும் சுழியம் விழுந்தது. அந்த வீட்டு நிலவரம் எங்களுக்குத் தெரியும். தடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மறுநாள் வகுப்பில் அந்தப் பையன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, பத்து வினாக்களையும் நாமே தமிழில் எழுதி, பெற்றோரிலும் முதியோரிலும் எட்டுப் பத்துப் பேரை வகுப்பறையில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினோம். ஆய்வு என்று சொல்லத் தகுதியில்லை; எந்த வார்த்தை விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று கேட்டறிவதற்காக மட்டும். யாரும் தம் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். நாம் பெருமையோடு எழுதிய 'கடந்த ஓராண்டுக் காலத்தில்' என்ற தொடரிலேயே வண்டி நின்றுவிட்டது. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி கையைத் தூக்கினார்.

"ஓராண்டுன்னா எதிலேர்ந்து வாத்தியாரே? போன தீபாவளியிலேர்ந்தா, இல்லே மாரியம்மன் திருவிழாவிலேர்ந்தா?"

தீபாவளியிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம் என்றோம். பாட்டி சிறிது நேரம் விரலை மடக்கி எண்ணினார். பிறகு, "அப்போ சரியா சொல்லிப்புடுவாங்க. தீபாவளிக்கு யார் யார் எப்படி இருந்தாங்கன்னு வீட்டுப் பொம்பளைங்களுக்கு மறக்காது" என்றார்.

நாம் பழைய தொடரை அடித்துவிட்டு, 'போன தீபாவளியிலிருந்து இன்றுவரை' என்று எழுதி, இரண்டாம் வினாவுக்குப் போனோம்.